கைம்முதல் தேடிய பெண்கள்

நம் கல்விக் கழகத்தின் வெள்ளி விழா மலரில் வரலாற்றுக் கட்டுரை ஒன்று இடம்பெற வேண்டும் என்று செயற்குழுவினர் விரும்பினர். வரலாறு என்றால் அரசர், போர், உடன்படிக்கை என்றே பள்ளிப் பாடங்கள் நம்மைப் பழக்கிவிட்டன. கால் நூற்றாண்டுக்கு மேலாக அப்பாடங்களையே வகுப்பில் நடத்தி வந்துள்ள நாம், இம்மலரில் வேறொரு வகை வரலாற்றைக் கூற விழைகிறோம். அது தலையில் தடவும் தைலத்தைப் பற்றியது. அத்தைலத்தைக் காய்ச்சி விற்க முற்பட்ட ஏழைப் பெண்களுக்கு முதற்பணம் எங்கிருந்து வந்தது, எங்கிருந்து வராமற் போயிற்று என்பதைப் பற்றியது.

நிகழ்ந்த இடம் அமெரிக்க ஐக்கிய நாடுகள். அப்பெண்கள் அந்நாட்டுக் கறுப்பின மக்கள். பழைய நூல்கள் அவர்களை நீக்ரோக்கள் என்றே குறிக்கும். அச்சொல்லை அவர்களே இன்று விரும்புவதில்லையாதலால் நாமும் விலக்குகிறோம். அம்மக்களின் வரலாறு நமக்கு முற்றிலும் அயலானதன்று. மராத்திய நாட்டுப் பெரியார் ஜோதிராவ் பூலே, 1873-இல் தாம் வெளியிட்ட 'குலாம்கிரி' என்னும் நூலை, அடிமைகளின் விடுதலைக்குப் பாடுபட்ட அமெரிக்க நன்மக்களுக்கே உரிமையாக்கினார். அண்ணல் அம்பேத்கர் 1946-இல் அறிஞர் டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதி, ஐக்கிய நாடுகள் அவைக்குக் கறுப்பின மக்கள் அளித்த விண்ணப்பத்தின் படிகளைக் கேட்டார். அவர்தம் அரசியற் போராட்டங்களை நம் இளைஞர்கள் ஓரளவு அறிவர். அவர்தம் வாணிபப் போராட்டம்தான் நம்மிடையே அறியப்படாதது.

அடிமை முறை 1865-இல் சட்டப்படி ஒழிந்தது. விடுதலை பெற்றவர்களுக்கு நிலமும் தரப்படவில்லை. தொழில் செய்யக் கருவியும் தரப்படவில்லை. சேமிப்பு வங்கி ஒன்று மட்டும் அதே ஆண்டில் ஏற்படுத்தப்பட்டது. விடுதலை பெற்றோர் சேமிப்பு வங்கி என்பது அதன் பெயர். கூலி வேலை செய்தோரும், துணி வெளுத்தோரும், படையில் இருந்து திரும்பினோரும் தத்தம் காசை அதில் இட்டனர். அவ்வங்கியை நடத்திய வெள்ளையர் அப்பணத்தைத் தக்க ஈடின்றித் தமக்கு வேண்டியவர்களுக்குக் கடனாக வாரி வழங்கினர். 1874-இல் வங்கி மூடப்பட்டபோது 61,000-க்கு மேற்பட்டோரின் சேமிப்பு, ஏறக்குறைய 30 இலட்சம் டாலர், அதில் சிக்கிக்கொண்டது. வங்கி நலிந்த இறுதி மாதங்களில் மக்களின் நம்பிக்கையைக் காப்பதற்கென்று பிரெடெரிக் டக்ளஸ் என்னும் பெருந்தலைவரை அதன் தலைவராக அமர்த்தினர். எரியும் வீட்டின் சாவியை அவர் கையில் கொடுத்தது போலாயிற்று அது. அன்று இழந்த பணத்தினும் இழந்த நம்பிக்கையே பெரிது என்று நாம் கருதுகிறோம். கறுப்பின ஏழை ஒருவர் வங்கியின் படியேறத் தயங்கியதற்கு இது ஒரு காரணம். ஏறினாலும் வெள்ளையர் வங்கி கடன் தராது என்பது மற்றொரு காரணம்.

இனித் தைலத்திற்கு வருவோம். தலைமுடி அத்துணைப் பெரிய செய்தியா என்று நம் இளைஞர்கள் சிரிக்கக்கூடும். அக்காலத்து ஏழைக் கறுப்பினப் பெண்களின் வீடுகளில் குழாய்த் தண்ணீர் கிடையாது. மாதத்திற்கு ஒருமுறை தலை குளிப்பதே அரிதாக இருந்தது. துணி வெளுக்கும் காரச் சோப்பின் ஆவியிலும் கொதிநீரின் வெப்பத்திலும் நாள் முழுவதும் நின்றவர்கள் பலர். உணவும் போதாது. ஆகவே பொடுகும் சிரங்கும் பற்றி, முடி கொத்துக் கொத்தாக உதிர்ந்து, இளம் வயதிலேயே வழுக்கை விழுந்த பெண்கள் மிகப் பலர். தலையில் துணி கட்டி மறைத்துக்கொண்டே வேலைக்குச் செல்வர். கடைகளில் விற்ற பொருள்களோ வெள்ளையரின் கூந்தலுக்காக ஆக்கப்பட்டவை. தேவை கண்முன்னே இருந்தது. அதனைச் சந்தையாகக் கண்டவர்கள் அப்பெண்களினின்றே தோன்றினர்.

அவருள் முதலில் கூறத்தக்கவர் ஆனி டர்ன்போ அம்மையார். இல்லினாய் மாநிலத்து மெட்ரோபொலிஸ் என்னும் சிற்றூரில் 1869-இல் பிறந்தவர். இளமையிலேயே பெற்றோரை இழந்து தமக்கையின் வீட்டில் வளர்ந்தார். பள்ளியில் வேதியியல் அவருக்குப் பிடித்த பாடம். நோயினால் படிப்பை முடிக்க இயலவில்லை. 1900 அளவில் லவ்ஜாய் என்னும் கறுப்பினச் சிற்றூரில் கூந்தல் மருந்து ஒன்றைத் தாமே செய்து விற்கத் தொடங்கினார். 1902-இல் செயின்ட் லூயி நகருக்குக் குடிபெயர்ந்தார். அவருக்குக் கடை வைக்க வழியில்லை. மருந்துக் கடைக்காரர்களும் சரக்கை வாங்கி வைக்க மாட்டார்கள். எனவே உதவியாளர் மூவருடன் வீடு வீடாகச் சென்று, முதலில் இலவசமாகத் தலை கழுவித் தைலம் தேய்த்துக் காட்டினார். பலன் கண்ட பெண்கள் வாங்கினர்; வாங்கியவருள் சிலரே பின்னர் விற்பவரும் ஆயினர். 1906-இல் 'போரோ' என்னும் பெயரை வணிகக் குறியாகப் பதிவு செய்தார். தங்கள் தலையை அவர் கையில் ஒப்படைத்த பெண்களின் நம்பிக்கையையே அவர்தம் கைம்முதல் என்று சொல்ல வேண்டும்.

அவரிடம் முகவராக இருந்து, பின்னர் அவரையே மிஞ்சிய புகழ் பெற்றவர் சாரா பிரீட்லவ். உலகம் அவரை மேடம் சி. ஜே. வாக்கர் என்று அறியும். லூயிசியானா மாநிலத்து டெல்டா என்னுமிடத்தில், பருத்திப் பண்ணை ஒன்றில் 1867 டிசம்பரில் பிறந்தார். பெற்றோர் அடிமைகளாக இருந்தவர்கள். குடும்பத்தில் விடுதலைக் காற்றில் பிறந்த முதற் குழந்தை இவரே. ஏழு வயதில் தாய் தந்தையரை இழந்தார். பதினான்கில் மணம்; இருபதில் கையில் பெண் குழந்தையுடன் கைம்மை. செயின்ட் லூயியில் முடிதிருத்தும் தொழில் செய்த அண்ணன்மார் இருந்தனர். அங்குச் சென்று ஊரார் துணி வெளுத்துப் பிழைத்தார். வாழ்வில் பள்ளிப் படிப்பு மூன்று மாதங்களே எனத் தாமே கூறியுள்ளார். அந்த வெளுப்புக் கூலியில் மிச்சம் பிடித்துத்தான் மகள் லெலியாவை நாக்ஸ்வில் நகரின் கல்லூரிக்கு அனுப்பினார். நம் பெற்றோர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

சாராவுக்கும் தலைமுடி உதிர்ந்தது. டர்ன்போ அம்மையாரின் தைலத்தை விற்கும் முகவராகச் சேர்ந்து, 1905-இல் டென்வர் நகருக்குச் சென்றார். அப்போது அவர் கையிலிருந்தது ஒன்றரை டாலர் என்று சொல்லப்படுகிறது. அங்கே சமையல் வேலை பார்த்தார். ஓய்வு நேரத்தில் தைலம் விற்றார். 1906-இல் செய்தித்தாள் விளம்பரத் தொழிலில் பழகிய சார்லஸ் வாக்கர் என்பாரை மணந்து, தம் பெயரிலேயே தனித் தொழில் தொடங்கினார். தம் முறையைக் களவாடிவிட்டார் என்று ஆனி அம்மையாருக்கு இவர்மீது தீராத மனக்குறை உண்டு. கந்தகம் கலந்த தைலம் என்பது இருவருக்கும் முன்னரே வழக்கில் இருந்த ஒன்றாதலால் இவ்வழக்கில் தீர்ப்புக் கூற நாம் முற்படவில்லை.

தொழில் வளர வளரக் கைக்காசு போதவில்லை. தொழிற்சாலை ஒன்று கட்ட வேண்டும். வங்கி தராது. அவர் ஒரு வழி கண்டார்: தம் இனத்தின் தலைவர்களிடம் பங்குகள் விற்று முதல் திரட்டுவது. அக்காலத்தில் கறுப்பின மக்களின் தலைவர்களுள் பெருஞ்செல்வாக்கு வாய்ந்தவர், டஸ்கெகி கல்வி நிலையத்தை நிறுவிய புக்கர் டி. வாஷிங்டன். சொந்தத் தொழில் செய்யுங்கள், கடை வையுங்கள், உழைத்து முன்னேறுங்கள் என்று ஊர் ஊராக முழங்கியவர் அவரே. 1910-இல் வாக்கர் அம்மையார் அவருக்கே கடிதம் எழுதி உதவி கேட்டார். தம் நிலையத்தின் பணிகளே தம் நேரத்தை முழுதும் கொள்கின்றன என்ற மரியாதையான மறுப்பு வந்தது. கூந்தல் தைல வாணிபம் இனத்திற்குப் பெருமை தருவதன்று என்பது வாஷிங்டனின் எண்ணம். அதை எழுதாமல் விட்டார்.

அம்மையார் சோர்ந்துவிடவில்லை. வந்த வருவாயையே மீண்டும் தொழிலில் இட்டார். இண்டியானாபோலிஸ் நகரில் வீடு வாங்கித் தொழிற்சாலை அமைத்தார். 1911-இல் நிறுவனத்தைப் பதிவு செய்தபோது பங்குகள் அனைத்தும் அவர் ஒருவர் கையிலேயே இருந்தன. பங்கு கேட்டபோது வாங்க வராதவர்களுக்குப் பின்னர் பங்கே இல்லாமற் போயிற்று என்று சொல்லி நாம் மகிழலாம். ஆயினும் கேட்டபோது கிடைத்திருந்தால் இன்னும் எத்தனை பேர் வாழ்ந்திருப்பர் என்று எண்ணுவதே நேர்மையாகும்.

1912 ஆகஸ்டில் சிக்காகோவில் கறுப்பின வணிகர் சங்க மாநாடு கூடிற்று. தலைவர் வாஷிங்டனே. அம்மையார் பேச அனுமதி கேட்டார், கிடைக்கவில்லை. இண்டியானாபோலிஸ் இதழாளர் ஒருவர் எழுந்து அவருக்காகப் பரிந்துரைத்தார், தலைவர் செவிசாய்க்கவில்லை. இறுதி நாளன்று அம்மையார் தாமே எழுந்து நின்றார். என் முகத்துக்கு எதிரே கதவை அடைக்கலாமா என்று அவையில் வினவினார். பருத்திக் காட்டிலிருந்து சலவைத் தொட்டிக்கும், அங்கிருந்து அடுப்படிக்கும் உயர்த்தப்பட்டதாகவும், அடுப்படியிலிருந்து தொழிலுக்குத் தம்மைத் தாமே உயர்த்திக் கொண்டதாகவும், தம் சொந்த நிலத்தில் சொந்தத் தொழிற்சாலை எழுப்பியிருப்பதாகவும் கூறினார். வாஷிங்டன் அன்று மறுமொழி கூறவில்லை. மறு ஆண்டு பிலடெல்பியா மாநாட்டில் அவரே அம்மையாரைச் சொற்பொழிவாளராக அழைத்தார். மனம் மாறத் தெரிந்த தலைவர் என்ற அளவில் அவரையும் பாராட்டுவோம்.

இவ்விடத்தில் நம் இளைஞர்கள் கூர்ந்து நோக்க வேண்டியது அவர்தம் முகவர் முறை. பயிற்சிக் கட்டணம் 25 டாலர் கட்டி முறையைக் கற்ற பெண், சரக்கை வாங்கித் தன் ஊரில் விற்பாள். விற்ற தொகையில் ஒரு பங்கு அவளுடையது. அவளுக்குக் கடை வாடகை இல்லை. ஈடு காட்டச் சொல்பவர் இல்லை. தன் வீட்டுக் கூடமே கடை. வெள்ளைக்கார எசமானி வீட்டில் சமைத்தோ வெளுத்தோ பெற்ற கூலியை விட அதிகமாக, அதுவும் எவர் முன்னும் தலைகுனியாமல் ஈட்ட முடிந்தது. 1917-இல் பிலடெல்பியாவில் இம்முகவர்களின் முதல் மாநாட்டிற்கு இருநூறுக்கும் மேற்பட்ட பெண்கள் வந்தனர். மிகுதியாக விற்றவர்க்குப் பரிசு தந்ததோடு, தம் ஊரில் மிகுதியாக அறம் செய்த கிளைக்கும் பரிசு தந்தார் அம்மையார். அவ்வாண்டுதான் கிழக்குச் செயின்ட் லூயியில் கறுப்பின மக்கள் பலர் கலவரத்தில் கொல்லப்பட்டிருந்தனர். கும்பல் கூடிக் கொல்லும் கொடுமையைத் தடுக்கச் சட்டம் வேண்டுமென்று அம்மாநாட்டுப் பெண்கள் குடியரசுத் தலைவர் வில்சனுக்குத் தந்தி அனுப்பினர். தைலம் விற்க வந்தவர்கள் செய்த காரியம் அது!

ஆசிரியர் என்ற முறையில் ஒன்றைச் சொல்லாமல் விட நமக்கு மனமில்லை. அம்மையார் தம் தொழிற்சாலையின் மேற்பார்வைக்கு அமர்த்திய ஆலிஸ் கெல்லி என்பவர் முன்னாள் ஆசிரியை. நாற்பது வயதைக் கடந்த முதலாளி அம்மையாருக்கு எழுத்தும் இலக்கணமும் உரையாடும் முறையும் கற்பித்தவர் அவரே. செல்வம் வந்தபின் எழுத்து எதற்கு என்று எண்ணாத அம்மாணவியை நாம் எந்த வகுப்பிலும் முதல் வரிசையில் அமர்த்துவோம். 1919 மே மாதம் 51-ஆம் வயதில் வாக்கர் அம்மையார் மறைந்தார். வருங்கால நிகர வருவாயில் மூன்றில் இரு பங்கை அறப்பணிகளுக்கு எழுதி வைத்திருந்தார்.

வங்கி கதவடைத்தால் நாமே வங்கி வைத்தாலென்ன என்று கேட்ட பெண்ணும் அக்காலத்தில் இருந்தார். வர்ஜீனியா மாநிலத்து ரிச்மண்ட் நகரின் மேகி லீனா வாக்கர் அவர். பெயர் ஒற்றுமையே தவிர இருவருக்கும் உறவில்லை. இவருடைய தாயும் துணி வெளுத்தவர். செயின்ட் லூக் சங்கம் என்னும் பரஸ்பர உதவிச் சங்கத்தின் சார்பில் 1903 நவம்பரில் சிறு சேமிப்பு வங்கியைத் திறந்தார். சில காசுகளையும் வைப்பாக ஏற்றது அவ்வங்கி. விடுதலை பெற்றோர் வங்கி மூழ்கி முப்பது ஆண்டுகள் கூட ஆகாத காலத்தில், அதே மக்களிடம் மீண்டும் காசை வாங்குவதற்கு எத்துணை நேர்மை தேவைப்பட்டிருக்கும் என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஆனி அம்மையாரின் பிற்காலம் துயரமானது. 1918-இல் செயின்ட் லூயியில் 'போரோ' கல்லூரி என்னும் பெருங்கட்டடத்தை எழுப்பினார். தொழிற்சாலை, வகுப்பறை, விடுதி, அரங்கம் யாவும் அதில் இருந்தன. அநாதைக் குழந்தைகள் இல்லத்திற்கும் கல்லூரிகளுக்கும் அள்ளிக் கொடுத்தார். ஆனால் கணக்கில் அந்த அக்கறை இல்லை. 1927-இல் மணவிலக்குக் கேட்ட கணவர் தொழிலில் பாதி தமதென்று வழக்காடினார். 2 இலட்சம் டாலர் கொடுத்துத் தீர்க்க வேண்டியதாயிற்று. பின்னர் வரிப் பாக்கி ஏறி, 1951-இல் அரசே தொழிலைக் கைக்கொண்டது. கொடை உள்ளம் உடையவர்களுக்குக் கணக்கு எழுதும் கை அமைவது அரிது போலும். வாக்கர் அம்மையாரிடம் ரான்சம் என்னும் வழக்கறிஞர் இருந்தார். ஆனி அம்மையாருக்கு அத்தகையவர் வாய்க்கவில்லை.

இவர்கள்மீது ஒரு குற்றச்சாட்டு அன்றும் உண்டு, இன்றும் உண்டு. சூடேற்றிய சீப்பால் சுருள்முடியை நேராக்கி, வெள்ளையரைப் போலாவதற்கு ஆசை காட்டிப் பிழைத்தார்கள் என்பது அது. வாக்கர் அம்மையார் தம்மை முடி நேராக்குபவர் என்று அழைப்பதை ஏற்றதில்லை. முடி வளர்ப்பவர் என்றே கூறிக்கொண்டார். குற்றச்சாட்டில் உண்மை அறவே இல்லை என்று நாம் சொல்ல மாட்டோம். அதனோடு வேறொன்றையும் வைத்துப் பார்க்க வேண்டும். தெற்கு மாநிலங்களில் வாக்குரிமை கேட்ட கறுப்பின ஆசிரியர்கள் வேலை இழந்தனர். குத்தகை உழவர்கள் குடிசை இழந்தனர். கூந்தல் நிலையம் வைத்திருந்த பெண்ணை யார் வேலையை விட்டு நீக்குவது? அவளிடம் வருவோர் அவள் இனத்தவரே. தென் கரோலினாவில், வாக்குப் பதிவுக்கு வேண்டிய எழுத்தறிவை முதியோர்க்கு ஊட்டக் குடியுரிமைப் பள்ளி 1957 ஜனவரியில் ஜான்ஸ் தீவில் தொடங்கியபோது, அதன் முதல் ஆசிரியையாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் பெர்னிஸ் ராபின்சன் என்னும் கூந்தல் ஒப்பனைக்காரர். ஆசிரியப் பயிற்சி பெறாத அவரைத் தேர்ந்ததற்கு அந்தச் சுதந்திரமும் ஒரு காரணம்.

முதற்பணத்தின் கதைக்கு மீள்வோம். 1954-இல் சிக்காகோவில் ஜார்ஜ் ஜான்சன், ஜோன் ஜான்சன் என்னும் கணவனும் மனைவியும் கூந்தல் பொருள் தொழில் தொடங்க 250 டாலர் கடன் கேட்டனர். தொழிலுக்கு என்றதும் கடன் நிறுவனம் மறுத்துவிட்டது. சில நாள் கழித்து அதே நிறுவனத்தின் வேறு கிளைக்குச் சென்ற ஜார்ஜ், மனைவியுடன் கலிபோர்னியாவுக்கு உல்லாசப் பயணம் போக 250 டாலர் வேண்டும் என்றார். உடனே கிடைத்தது! கறுப்பர் செலவழிக்கக் கடன் உண்டு, சம்பாதிக்கக் கடன் இல்லை என்பதுதான் அந்த நிறுவனத்தின் நீதி. அத்தொழில் 1971-இல் அமெரிக்கப் பங்குச் சந்தையில் இடம்பெற்ற முதல் கறுப்பின நிறுவனமாயிற்று. ஜோன் அம்மையாரின் கையில் இருந்தபோது, 1993-இல் அது 6 கோடியே 70 இலட்சம் டாலருக்கு விற்கப்பட்டது.

பெண்ணாக இருப்பதும் ஒரு தடையே. கடன் வழங்குவதில் ஆண் பெண் வேறுபாடு கூடாதென்ற சட்டம் 1974-இல்தான் வந்தது. அதில் நிற வேறுபாடு 1976-இல் சேர்க்கப்பட்டது. தொழிற் கடனுக்குப் பெண் விண்ணப்பித்தால் கணவனோ தந்தையோ கையொப்பமிட வேண்டும் என்ற மாநில விதிகள் 1988 வரை ஆங்காங்கு நீடித்தன. அதன் பின்னரும், 1993-இல் லிசா பிரைஸ் என்னும் பெண் நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியில் தம் வீட்டு அடுப்படியில் தொழில் தொடங்கியது 100 டாலர் சொந்தப் பணத்தில்தான். 'கேரல்ஸ் டாட்டர்' என்ற அத்தொழிலை 2014-இல் பிரான்சு நாட்டு லோரியால் நிறுவனம் வாங்கியது. பெருநிறுவனங்கள் விலைக்கு வாங்க வருகின்றன. விதைப்பணம் தர வருபவர்தாம் அரியர். அமெரிக்காவில் புதுத் தொழில்களில் இடப்படும் முதலீட்டில் கறுப்பினப் பெண்களைச் சென்றடைவது நூற்றில் ஒரு பங்கிற்கும் குறைவு.

இக்குறையை நீக்க அட்லாண்டா நகரில் 2019-இல் கறுப்பினப் பெண்களே 'பியர்லெஸ் பண்ட்' என்னும் முதலீட்டு நிதியை ஏற்படுத்தினர். கறுப்பினப் பெண்கள் நடத்தும் சிறு தொழில்களுக்குப் போட்டி வைத்து, தேர்ந்தவர்க்கு 20,000 டாலர் நன்கொடை வழங்கும் திட்டமும் அதில் இருந்தது. 2023 ஆகஸ்டில் இத்திட்டத்தின் மீது ஒரு சங்கம் வழக்குத் தொடுத்தது. பிற இனத்தார் போட்டியில் சேர முடியாததால் இது இன வேற்றுமை என்பது அதன் வாதம். அதற்கு ஆதாரமாக எடுத்துக் காட்டிய சட்டம் எது தெரியுமா? 1866-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம். வெள்ளையர்க்கு உள்ளது போன்றே ஒப்பந்தம் செய்துகொள்ளும் உரிமை அனைவர்க்கும் உண்டு என்று கூறும் அச்சட்டம், அடிமைத்தளை அறுந்த மக்கள் கூலி பேசவும் நிலம் வாங்கவும் தொழில் செய்யவும் வேண்டுமென்று, சாரா பிரீட்லவ் பிறப்பதற்கு ஓராண்டு முன்னர் இயற்றப்பட்டது. 2024 ஜூனில் மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் நீதிபதிகள் மூவருள் இருவர் சங்கத்தின் பக்கம் தீர்ப்புக் கூறினர். அவ்வாண்டு செப்டம்பரில் இரு தரப்பும் சமரசம் செய்துகொண்டன. நன்கொடைத் திட்டம் மூடப்பட்டது.